ஆய்வகக் கேள்வி-பதில்: லிஃப்ட்டில் ஏறும் நைட்ரஜன்

ஐப்பசி பிறந்தால் எனக்கு வரும் கடிதங்களிலும் ஈரம் ஏறிவிடும். ஆனால் இம்முறை ஒரு கடிதம் மழையைவிட அதிகமாகத் தூக்கத்தைக் கெடுத்தது. அது நடுவில் வரும்.

கே: எங்கள் லேப்பில் வாக்குவம் பம்ப் சத்தம் போடுகிறது. என்ன செய்யலாம்? (ஆராய்ச்சி மாணவர், தாம்பரம்)

ப: எந்தப் பம்ப் ஐயா? டர்போ (பிளேடுகள் அதிவேகமாகச் சுழன்று காற்றை வெளியேற்றுவது) என்றால் படிப்பதை நிறுத்திவிட்டுப் பம்ப்பை நிறுத்துங்கள். நிமிடத்துக்கு 50,000, 60,000 சுற்று ஓடுகிற சாமானில் பேரிங் போனால் பிளேடு மிஞ்சாது. ஆயிலில் ஓடும் ரோட்டரி என்றால் ஆயிலைப் பாருங்கள். பால் மாதிரி இருந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது, நம்மூர்க் காற்றுக்கு அது சகஜம். கேஸ் பேலஸ்டை (கொஞ்சம் காற்றை உள்ளே விட்டு ஈரத்தை வெளியேற்றும் வால்வு) திறந்து அரை மணி ஓடவிடுங்கள். டிகாக்‌ஷன் நிறம் என்றால் மாற்றிவிடுங்கள். கடைசியாக மாற்றிய தேதியைப் பம்ப் மேலேயே எழுதி ஒட்டியிருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது.

கே: கரண்ட் பில்லைக் குறைக்க இரவில் லேசர் அறை ஏசியை நிறுத்தச் சொல்கிறார்கள். நிறுத்தலாமா? (உதவிப் பேராசிரியர், கிண்டி)

ப: கூடாது. இந்த மாதங்களில் சென்னைக் காற்று, 24 டிகிரிக்குக் கீழே இருக்கிற எதைத் தொட்டாலும் நீர் கோத்துக்கொள்ளும். உங்கள் கண்ணாடிகளும் கிரேட்டிங்கும் (ஒளியை நிறம் பிரிக்கும் கோடிட்ட தட்டு) 22-ல் குளிர்ந்து கிடக்கின்றன. யாராவது ஜன்னலைத் திறந்தால் ஐஸ் வாட்டர் டம்ளர் மாதிரி வியர்க்கும், பின்னாலேயே பூஞ்சை வரும். நிறுத்தியே ஆக வேண்டுமென்றால் அறை சூடேறும்வரை கதவைத் திறக்க வேண்டாம், டிஹியூமிடிஃபயர் மட்டும் ஓடட்டும். மிச்சப்படுத்திய பில் ஒரு கிரேட்டிங்குக்குக்கூடக் காணாது.

கே: பச்சை லேசருக்கு வாங்கிய ஆரஞ்சு கண்ணாடியை எல்லா லேசருக்கும் போட்டுக்கொள்ளலாமா?

ப: முடியாது. நிறத்தைப் பார்க்காதீர்கள், ஃபிரேமில் அச்சிட்டிருக்கும் அலைநீளத்தையும் ஓ.டி.யையும் (ஒளியை எவ்வளவு தடுக்கும் என்ற அளவு) பாருங்கள். மலிவான பச்சை லேசரில் 1064 நானோமீட்டர் அகச்சிவப்பும் சேர்ந்தே கசியும். அது கண்ணுக்குத் தெரியாது, விழித்திரை சுடும்போது வலிக்கவும் வலிக்காது. கழுத்து ஐ.டி. கார்டின் கிளிப்பையும் கழற்றி வையுங்கள். பீமைக் கண்ட திசையில் திருப்பிவிட அது போதும். பீமைச் சரியான பாதையில் நிறுத்தும் அலைன்மென்ட் வேலையைத் தனியாகச் செய்யாதீர்கள்.

கே: 10 லிட்டர் எல்.என்.டூ (திரவ நைட்ரஜன்) கேனை மூன்றாவது மாடிக்கு லிஃப்ட்டில்தான் கொண்டுபோகிறோம். ஒரு நிமிட வேலைதானே? (ஆராய்ச்சி மாணவி)

ப: இந்த "ஒரு நிமிடம்தானே" என்பதை இருபது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கேன் நேராக நிற்கும்வரை பெரிதாக ஒன்றும் ஆகாதுதான். சாயும்போது என்ன ஆகும்? ஒரு லிட்டர் திரவம் ஏறக்குறைய 700 லிட்டர் வாயுவாகும். உங்கள் லிஃப்ட்டின் கொள்ளளவு சுமார் 5,000 லிட்டர். இரண்டு லிட்டர் கொட்டினாலே ஆக்சிஜன் 21 சதவீதத்திலிருந்து 16-க்கு இறங்கும். முழுக் கேனும் கொட்டினால் 5-க்கு வந்துவிடும். அதில் இரண்டு மூச்சு இழுத்தால் ஆள் சரிந்துவிடுவார்.

மூச்சு முட்டினால் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியாது. நமக்குத் திணறல் வருவது கரியமில வாயு கூடும்போது. ஆக்சிஜன் குறைவதை உடம்பு சொல்லாது. ஓடிவந்து தூக்கப் போகிறவரும் அதே இடத்தில்தான் விழுவார்.

நான் இருந்த ஒரு கட்டடத்தில், ஒரு பையன் கேனோடு ஏறிய நேரம் பார்த்துக் கரண்ட் போனது. ஜெனரேட்டர் எடுப்பதற்குள் நாங்கள் கதவைத் தட்டித் தட்டிக் கூப்பிட்டோம். "சார், புகை மாதிரி வருது" என்றான். கேன் சாயவில்லை, கழுத்தில் வரும் வழக்கமான மூட்டம்தான் அது. இருந்தாலும் அந்த நிமிடங்களை நான் மறக்கவில்லை. மறுவாரமே இன்னொருவர் கேனோடு அதே லிஃப்ட்டில் ஏறினார்! கேட்டால், "நேற்று கரண்ட் போகவில்லையே சார்" என்றார். இவர்களுக்கு டாக்டர் பட்டம் வேறு.

கேன் தனியாக ஏற வேண்டும். கீழே ஒருவர் பட்டனை அழுத்திவிட்டு நிற்கட்டும், மூன்றாவது மாடியில் ஒருவர் காத்திருக்கட்டும். கேன் மேல் தமிழில் ஒரு அட்டை: "நைட்ரஜன், உடன் ஏறாதீர்கள்". இடை மாடியில் நிறுத்துபவர் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. அறையில் ஆக்சிஜன் மீட்டர், 19.5-க்குக் கீழே போனால் அலறும்படி. அலறினால் வெளியேறுங்கள், பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நீங்களே தீர்ப்பு சொல்லாதீர்கள். நீங்கள் தனியாக வேலை செய்ய வேண்டாம் என்று மறுபடியும் சொல்கிறேன்.

கே: டி.எல்.டி. பேட்ஜை (உடம்பு வாங்கும் கதிர்வீச்சை அளப்பது) டிராயரிலேயே வைத்திருக்கிறேன், தொலையாமல் இருக்கும். சரிதானே?

ப: டிராயர் வாங்கிய டோஸ் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிப்போர்ட்டில் சரியாக வந்துவிடும். ஐந்து வருடச் சராசரியில் வருடத்துக்கு 20 மில்லிசீவெர்ட் என்ற வரம்பு டிராயருக்கு இல்லை, உங்களுக்குத்தான். நெஞ்சில் குத்துங்கள். ஈய ஏப்ரன் போட்டால் அதற்கு உள்ளே.

கே: அலமாரியில் பழைய ஈயப் பெட்டி ஒன்று கிடக்கிறது. பழைய சாமான்களோடு ஏலம் விடலாமா?

ப: தொடாதீர்கள், உள்ளே கதிரியக்கப் பொருள் இருக்கலாம். 2010-ல் டெல்லி மாயாபுரியில் நடந்ததைத் தேடிப் படியுங்கள். வருடக்கணக்காகச் சும்மா கிடந்த காமா செல் (உள்ளே கோபால்ட் 60 என்ற கதிரியக்கப் பொருள் வைத்த ஆய்வகக் கருவி) காயலான் கடைக்குப் போனது, அதைப் பிரித்தார்கள், ஒருவர் இறந்தார். கோபால்ட் 60 ஐந்தே கால் வருடத்துக்கு ஒருமுறைதான் பாதியாகும். அறையைப் பூட்டுங்கள், கதிரியக்கப் பாதுகாப்பு அலுவலரைக் கூப்பிடுங்கள், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்கு எழுதுங்கள். இந்த வரிசையிலேயே.

கே: தெர்மாமீட்டர் உடைந்து பாதரசம் சிதறிவிட்டது. வாக்குவம் கிளீனர் போடலாமா?

ப: போட்டால் அறை முழுக்க ஆவியாக்கி ஊதிவிடும். ஏசியை நிறுத்தி ஜன்னலைத் திறங்கள் (இங்கே திறக்கலாம், லேசர் அறையில்தான் கூடாது). சிரிஞ்சால் உறிஞ்சித் தண்ணீர் உள்ள பாட்டிலில் விட்டு மூடுங்கள், இண்டு இடுக்கில் கந்தகப் பொடி தூவுங்கள். தங்க மோதிரம் இருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள்.

கே: கொஞ்சம் நைட்ரஜன் எடுத்துப்போக வீட்டு டீ ஃபிளாஸ்க் போதுமா?

ப: மூடியைத் திருகி மூடினால் அது வெடிகுண்டு.