டெம்ப்ளேட்டை ஒதுக்கிவிட்டு ஆற்றை வரையச் சொல்லுங்கள்

கேள்வி: நீடாமங்கலம் பகுதியில் அரசுப் பள்ளி ஆசிரியை நான். ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் கேன்வா என்ற இணைய வடிவமைப்புத் தளத்தில், அங்கே ஆயத்தமாகக் கிடைக்கும் டெம்ப்ளேட்டுகளை வைத்து அழகாகப் போஸ்டர் செய்கிறார்கள். ஆனால் பாடத்திலுள்ள ஒரு செய்தியைப் படமாக்கச் சொன்னால் திணறுகிறார்கள். மூவருக்கு ஒரு கணினிதான் இருக்கிறது. வரைகலை மென்பொருளால் காட்சிவழிச் சிந்தனையை வளர்க்க முடியுமா?

பதில்: முடியும். எதை எங்கே வைப்பது, எதைப் பெரிதாகக் காட்டுவது, எதை விட்டுவிடுவது என்ற முடிவுகளை டெம்ப்ளேட்டில் வேறொருவர் எடுத்துவிடுகிறார். காட்சிவழிச் சிந்தனை அந்த முடிவுகளை எடுக்கும்போதுதான் வளர்கிறது. ஆகவே சில வாரங்களுக்கு, இணையம் இல்லாமலும் இயங்கும் இன்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் வெற்றுப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்.

முதல் பயிற்சியாக உங்கள் ஊர் ஆற்றையே கொடுங்கள். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் எனத் தண்ணீர் பிரிகிறது. வெண்ணாற்றிலிருந்து, உங்கள் ஊர் அருகே மதகுகள் வைத்துத் தண்ணீரைப் பிரிக்கும் இடமான மூணாறு தலைப்பில், கோரையாறும் பாமணியாறும் பிரிகின்றன. மூவரும் இதைத் தனித்தனியே பென்சிலால் வரைந்து, எது தெளிவாக இருக்கிறது என்று பேசி முடிவெடுத்த பிறகே கணினியைத் தொடட்டும். கணினி குறைவாக இருப்பது இந்த இடத்தில் உங்களுக்கு அனுகூலமே.

பெரும்பாலும் எல்லா ஆறுகளையும் ஒரே தடிமனில், வளைவு நெளிவுகளோடு வரைந்திருப்பார்கள். அந்த வளைவு எதற்கு, தடிமன் எதைக் குறிக்கிறது என்று கேளுங்கள். 1933-இல் வெளியான லண்டன் சுரங்க ரயில் வரைபடத்தில் ஹாரி பெக் உண்மையான தூரங்களை விட்டுவிட்டு, கிடைக்கோடு, செங்குத்துக்கோடு, 45 பாகைச் சாய்கோடு ஆகியவற்றைக் கொண்டே தடங்களை அமைத்தார். எங்கே ஏறி எங்கே மாறுவது என்பதே பயணிக்குத் தேவைப்பட்டது. உங்கள் மாணவர்களின் படமும், பாமணியாற்றுக்குத் தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்ற ஒரே கேள்விக்கு விடை சொல்லட்டும்.

மென்பொருளின் உண்மையான பயன் இந்தக் கட்டத்தில்தான் தெரியும். படம் முழுவதையும் தேர்ந்தெடுத்து கண்ட்ரோல்+டி அழுத்தினால் அதன் மேலேயே ஒரு நகல் உருவாகும். நகலைத் தள்ளி வைத்து, அதில் வெண்ணாற்றுக் கோட்டை 6 மி.மீ., பாமணியாற்றுக் கோட்டை 2 மி.மீ. என மாற்றி, இரண்டையும் ஒப்பிடலாம். தாளில் அழித்து வரைந்தால் முந்தைய வடிவம் போய்விடும். இங்கே அது கண்ணெதிரே நிற்பதால், எது மேல், ஏன் மேல் என்று மாணவரால் காரணம் சொல்ல முடிகிறது. அந்தக் காரணத்தை நோட்டில் எழுதச் சொல்லி, மதிப்பெண்ணில் பாதியை அதற்கே கொடுங்கள் என்பேன்.

வண்ணத்தைக் கடைசியில் சேர்த்தால் போதும். ஜெராக்ஸ் எடுத்தாலும் படம் விளங்க வேண்டும். பெயர்களை யூனிகோடு எழுத்துருவில் தட்டச்சு செய்யட்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்தவை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் சிதைந்து தெரியும்.

முடிந்த படத்தை ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருவரிடம் கொடுத்து, கல்லணையிலிருந்து பாமணியாற்றங்கரையில் உள்ள மன்னார்குடி வரை தண்ணீர் வரும் வழியை விரலால் காட்டச் சொல்லுங்கள். விரல் தயங்கும் இடமே திருத்த வேண்டிய இடம்.

அடுத்ததாகக் குறுவை, சம்பா, தாளடி ஆகிய நெல் பருவங்களைக் காலக்கோட்டில் காட்டச் சொல்லலாம். குறுவை அறுத்த வயலில் தாளடி வருகிறது. சம்பாவோ ஒரே நீண்ட பயிர். ஆகவே ஒரு வரிசை போதாது என்பதை அவர்களே கண்டுபிடிக்கட்டும். நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.