எண்ணெயே தொடாதவருக்கு எல்டிஎல் 238 ஏன்?

கேள்வி: வயது 34. எண்ணெய்ப் பலகாரம், முட்டை எல்லாம் விட்டு ஆறு மாதம் ஆகிறது. எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு 245-லிருந்து 238-க்குத்தான் இறங்கியிருக்கிறது. அப்பாவுக்கு 46 வயதில் மாரடைப்பு வந்தது. 'செல் சவ்வில் உள்ள புரதத்தில் கோளாறு இருக்கலாம்' என்கிறார் டாக்டர். கொழுப்புக்கும் சவ்வுக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: நேரடிச் சம்பந்தம். ரத்தத்தில் ஓடும் எல்டிஎல் துகள்களை அள்ளுவது பெரும்பாலும் கல்லீரல்தான். அதன் செல் சவ்வில் எல்டிஎல் ஏற்பி என்ற புரதம் நீட்டிக்கொண்டிருக்கும். துகள் வந்து ஒட்டியதும் அந்த இடத்தில் சவ்வு குழிந்து, சிறு பையாகி உள்ளே போகும். பைக்குள் அமிலத்தன்மை ஏறியதும் ஏற்பி துகளை விட்டுவிட்டு மறுபடி மேலே வந்துவிடும். ஒரு நடைக்குச் சுமார் 10 நிமிடம். இதைக் கண்டறிந்த பிரௌன், கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த ஏற்பிக்கான மரபணு அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று வரும். ஒன்று பழுதானாலே அள்ளும் வேகம் பாதியாகிவிடும். ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கு இப்படி இருக்கிறது. ஏற்பி சரியாக இருந்தும் பிசிஎஸ்கே9 என்ற புரதம் மிகையாக வேலை செய்தால் இதே கதிதான்: அது ஏற்பியோடு ஒட்டிக்கொள்ள, மேலே திரும்ப வேண்டிய ஏற்பியும் துகளோடு சேர்ந்து செரிமானமாகிவிடும்.

அள்ளப்படாத எல்டிஎல் தமனிச் சுவருக்குள் புகுந்து ஆக்சிஜனேற்றம் அடைகிறது. அதை விழுங்க வரும் வெள்ளணுக்களின் சவ்வில் இருப்பது சிடி36 போன்ற வேறு ஏற்பிகள். கல்லீரல் ஏற்பி செல் நிறைந்தால் குறைந்துகொள்ளும். இவற்றுக்குப் போதும் என்பதே கிடையாது. விழுங்கி விழுங்கி வெள்ளணு நுரைபோல் உப்பி அங்கேயே சாகும். அடைப்பின் கரு அதுதான்.

முதலில் டிஎஸ்எச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பாருங்கள். தைராய்டு குறைந்தாலும் எல்டிஎல் ஏற்பிகள் குறையும். குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாணை இரு விரலால் பிடித்துப் பாருங்கள். முண்டும் முடிச்சுமாகத் தடித்திருந்தால் பரம்பரைக் கோளாறு என்பதற்கு வலுவான அடையாளம். இல்லாவிட்டால் கோளாறே இல்லை என்று அர்த்தமில்லை.

ஸ்டாட்டின் என்ற கொழுப்புக் குறைப்பு மாத்திரை கல்லீரலில் கொழுப்பு உற்பத்தியைக் குறைக்க, தட்டுப்பாட்டில் செல் புதிய ஏற்பிகளைச் சவ்வில் ஏற்றும். ஆனால் பிசிஎஸ்கே9-உம் கூடவே ஏறும். மருந்தின் அளவை இரட்டிப்பாக்கினாலும் கூடுதலாக 6 சதவீதம்தான் இறங்க இது ஒரு காரணம். அதனால்தான் எசெடிமைப் என்ற இன்னொரு மாத்திரையை 10 மி.கி. சேர்க்கிறார்கள், குடல் சவ்வில் கொழுப்பை உள்ளே விடும் புரதத்தை அது அடைக்கிறது. அதற்கும் மசியாவிட்டால் பிசிஎஸ்கே9-ஐத் தடுக்கும் ஊசி. எண் இறங்கியதும் நீங்களாக மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களில் பழைய எண்ணே வந்து நிற்கும்.

பத்தியம் வீண் இல்லை. நெய், பாமாயில், தேங்காய் எண்ணெயில் உள்ள நிறைவுற்ற கொழுப்பு எல்டிஎல் ஏற்பிகளைக் குறைக்கும். முட்டையைவிட இவற்றில்தான் கண் வேண்டும்.

பரம்பரைக் கோளாறு என்று உறுதியானால் உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் 50 சதவீத வாய்ப்பு உண்டு. பிள்ளைகளுக்கு 10 வயதுக்குள் ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.