மேலாளர் பத்திரம் கேட்டதில் தப்பில்லை, ஆனால் வீட்டை விற்காதீர்கள்

வணக்கம் அண்ணா. மகளுக்குத் தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு எம்பிபிஎஸ் இடம், ஆண்டுக்கு நாலரை லட்சம் கட்டணம், கல்விக் கடனுக்கு வங்கி மேலாளர் வீட்டுப் பத்திரம் கேட்கிறார், மச்சான் வீட்டையே விற்கச் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். பாப்பாவுக்கு வாழ்த்துகள்!

முதலில் ஒன்று. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்து 7.5% ஒதுக்கீட்டில் இடம் வந்திருந்தால், கட்டணத்தை அரசே கட்டிவிடும், கடனே வேண்டாம். அப்படி இல்லையென்றால் தொடர்ந்து படியுங்கள்.

பொதுவாக 7.5 லட்சம் வரையிலான கல்விக் கடனுக்கு அடமானம் கேட்கக் கூடாது. உங்களுக்கு மொத்தம் 20 லட்சம் தாண்டும் என்பதால்தான் பத்திரம் கேட்கிறார்கள். கொடுக்கலாம், வீடு உங்கள் பெயரிலேயே இருக்கும். விற்பதும், தனியார் ஃபைனான்சில் வைப்பதும் வேண்டவே வேண்டாம்.

பணத்தை வருடா வருடம் கல்லூரிக்கே அனுப்பச் சொல்லுங்கள். எடுத்த தொகைக்கு மட்டும்தான் வட்டி ஓடும். 10% என்று வைத்தால் முதல் வருடம் மாதம் 3,750 ரூபாய். முடிகிற மாதமெல்லாம் அதைக் கட்டிவிடுங்கள்; கட்டாவிட்டால் படிப்பு முடியும்போது அசலோடு சேர்ந்து பெருகி நிற்கும்.

உங்கள் ஆண்டு வருமானம் மூன்று லட்சம்தானே? 4.5 லட்சத்துக்குள் உள்ள குடும்பங்களுக்குப் படிக்கும் கால வட்டியை மத்திய அரசு ஏற்கும் மானியம் இருக்கிறது, கடன் தொகைக்கு வரம்போடு. அடமானக் கடன் அதில் வருமா என்று கையெழுத்துக்கு முன்பே மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். வருமானச் சான்றுக்கு நாளைக்கே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். கடன் விண்ணப்பத்தை வித்யாலட்சுமி என்ற கல்விக் கடன் இணையதளம் வழியே போடுங்கள், மறுத்தால் காரணம் பதிவாகும்.