சுகாதாரச் சட்டம் கற்பிப்பவர் ஏழைக் குடும்பங்களுக்கு எப்படி உதவ முடியும்?

வகுப்பில் சட்டம் சொல்லிக்கொடுப்பவரால் நோயாளிகளின் குடும்பத்துக்கு என்ன பயன் என்று கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் நடந்ததைச் சொன்னால் விளங்கும்.

அங்கே பாஸ்டன் சிட்டி மருத்துவமனையில் அப்போது குழந்தைகள் பிரிவுத் தலைவராக இருந்தவர் பேரி சக்கர்மன். ஆஸ்துமா குழந்தைகளுக்கு மருந்து கொடுத்து அனுப்பினாலும், பூஞ்சை பிடித்த வாடகை வீட்டில் இருந்தால் மறுபடியும் மூச்சிரைப்பு வந்துவிடும். வீட்டைச் சரிசெய்யும்படி டாக்டர் சொல்லி வீட்டு உரிமையாளர் கேட்பதில்லை. அதனால் 1993இல் சக்கர்மன் மருத்துவமனைக்கே ஒரு வழக்கறிஞரைக் கொண்டுவந்தார். வாடகை வீடு குடியிருக்கத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்பது பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சட்டம். அதைக் காட்டிக் கேட்க இப்போது ஆள் இருந்தார்.

சரி, ஆசிரியர் எங்கே வருகிறார்? நோயாளியின் பிரச்சினையில் சட்டம் ஒளிந்திருப்பதை டாக்டர் அடையாளம் காண வேண்டுமே, அதை யாராவது கற்றுத்தர வேண்டும். ரோட் ஐலண்ட் என்ற இன்னொரு அமெரிக்க மாநிலத்தில் எலிசபெத் டோபின் டைலர் என்ற சுகாதாரச் சட்ட ஆசிரியர் சட்ட மாணவர்களையும் மருத்துவ மாணவர்களையும் ஒன்றாக உட்காரவைத்துப் பாடம் நடத்தியிருக்கிறார். என்னைக் கேட்டால், நீதிமன்ற வாதத்தைவிட இது பெரிய வேலை. கடும் நோயாளி இருக்கும் வறிய வீட்டில் மின்சாரத்தைத் துண்டிக்காமல் தடுக்க மாசசூசெட்ஸில் டாக்டரின் கடிதம் உதவும். அது தெரிந்த டாக்டர்தானே எழுதித் தருவார்!