கிராஃபும் ஜியோமெட்ரியும் – கடிதம்

வணக்கம் ஐயா,

அரசு உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். பிள்ளைகளை ஏன், எப்படி என்று கேட்க வைப்பதுதான் கல்வி என்ற நினைப்போடு இந்த வேலைக்கு வந்தவள். ஜனவரி பிறந்தால் மெல்லக் கற்போர் பட்டியலைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். கிராஃபையும் ஜியோமெட்ரியையும் மட்டும் திரும்பத் திரும்பப் போட வைக்கிறேன். பாஸ் ஆகிவிடுகிறார்கள். ஆனால் கணக்கு சொல்லிக்கொடுத்த மாதிரியே இல்லை. பொதுத்தேர்வே இல்லாமல் போனால்தான் உண்மையான கல்வி வருமோ?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள டீச்சருக்கு,

மற்ற வாசகர்களுக்காக ஒரு விளக்கம். பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளின் கடைசிப் பகுதியில் செய்முறை வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8. இந்த 16-ஐயும் ஒரு மதிப்பெண் வினாக்கள் 14-ஐயும் பிடித்துவிட்டால் 30 ஆகிறது, 35-க்குப் பக்கத்தில் வந்துவிடலாம். வீட்டில் முதல் ஆளாகப் பத்தாவது எழுதும் பிள்ளைக்கு அந்த 35 இல்லாமல் ப்ளஸ் ஒன்னும் இல்லை, பாலிடெக்னிக்கும் இல்லை. அதை வாங்கிக்கொடுப்பதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

தேர்வு ஒழிந்தால் கல்வி வந்துவிடும் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ப்ளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு இல்லாத காலத்தில் பல தனியார் பள்ளிகள் அந்தப் பாடத்தையே தொடாமல் இரண்டு வருடமும் பன்னிரண்டாம் வகுப்பையே நடத்தின. அதனால்தான் 2017-18-ல் அதற்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025-ல் மாநிலக் கல்விக் கொள்கையோடு அதை எடுத்துவிட்டார்கள். பழைய பழக்கம் திரும்புமா என்று பார்ப்போம். எனக்குச் சந்தேகம்தான்.

அப்புறம், நீங்கள் போட வைக்கும் கிராஃபிலேயே உங்கள் 'ஏன்' இருக்கிறது. பாடப்புத்தகத்தில் வட்டத்தின் விட்டத்துக்கும் சுற்றளவுக்கும் ஒரு வரைபடக் கணக்கு உண்டு. விட்டம் 1 என்றால் சுற்றளவு 3.1, விட்டம் 2 என்றால் 6.2. பிள்ளைகள் புள்ளி வைத்துக் கோட்டை இழுத்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவார்கள். அந்த 3.1 எங்கிருந்து வந்தது? ஒரு பீரியட் போதும். டிபன் பாக்ஸ் மூடி, வளையல், சைக்கிள் டயர், ஒரு நூல்கண்டு. சுற்றி அளந்து விட்டத்தால் வகுக்கச் சொல்லுங்கள். ஒருவனுக்கு 3 வரும், இன்னொருத்திக்கு 3.3 வரும். ஏன் வேறுபடுகிறது என்று அவர்களே சண்டை போடட்டும். எந்த மூடியை எடுத்தாலும் மூன்றைச் சுற்றியே நிற்கிறதே என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டால், நீங்கள் கேட்ட கல்வி அங்கே நடந்துவிட்டது. அதே கணக்கு மார்ச்சில் 8 மதிப்பெண்ணுக்கும் வரலாம்.

ஆனால் அந்தப் பட்டியல் ஜனவரியில் வருவதுதான் எனக்குக் கோபம். வகுத்தல் தெரியாத பிள்ளையைப் பத்தாம் வகுப்பில், அதுவும் தேர்வுக்கு இரண்டு மாதம் முன்பா கண்டுபிடிப்பது? உயர்நிலைப் பள்ளி என்றால் ஆறாம் வகுப்பிலிருந்தே அதே வளாகத்தில்தானே இருக்கிறார்கள். எட்டு வரை ஆல் பாஸ் என்பது எட்டு வரை கவனிக்க வேண்டாம் என்று ஆகிவிட்டது.

அதனால் ஜூனில் டைம்டேபிள் போடும்போது ஆறாம் வகுப்பு ஒன்றையும் கேட்டு வாங்குங்கள். பத்தாவதில் ரிசல்ட் காட்டும் டீச்சரை எந்த ஹெச்.எம்.மும் லேசில் விடமாட்டார். கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கும்.