சூப்பர்ஹீட் ஆடுகிறதென்றால் பெரிய வால்வு தீர்வல்ல

அண்ணே, குளச்சலில் உங்கள் மீன் குளிர் அறையில் சூப்பர்ஹீட் (குளிர்விக்கும் காயிலை விட்டு வரும் வாயு, ஆவியாகும் வெப்பநிலையைவிட எத்தனை டிகிரி கூடுதல் சூடு என்பது) 2 டிகிரிக்கும் 14 டிகிரிக்கும் இடையே ஆடுகிறது, கம்ப்ரசரில் பனி பிடிக்கிறது, மெக்கானிக் இன்னும் பெரிய எக்ஸ்பான்ஷன் வால்வு (காயிலுக்குள் போகும் குளிர்பதனத் திரவத்தை அளந்து விடுவது) போடச் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து போடாதீர்கள். இப்படி ஆடுவது பெரும்பாலும் வால்வு ஏற்கனவே பெரிதாக இருப்பதன் அடையாளம். அளவுக்கு மீறித் திறக்கும், திரவம் கம்ப்ரசர் வரை போகும், உடனே மூடிக்கொள்ளும்.

முதலில் சென்சிங் பல்பை, அதாவது பைப்பின் சூட்டை வால்வுக்கு உணர்த்தும் குமிழைப் பாருங்கள். ஈவாபரேட்டரை (குளிர்விக்கும் காயிலை) விட்டு கம்ப்ரசருக்குப் போகும் சக்‌ஷன் பைப்பின் கிடையான பகுதியில், துருவில்லாத இடத்தில், இறுக்கிக் கட்டி இன்சுலேஷன் சுற்றியிருக்க வேண்டும். நம் கடற்கரைக் காற்றில் பல்பைக் கட்டும் பட்டி அரித்துத் தளர்ந்துவிடும். சின்னமுட்டத்தில் நானே பார்த்திருக்கிறேன். பைப்பின் அடிப்பக்கம் வேண்டாம், அங்கே எண்ணெய் ஓடும்.

அது சரியாக இருந்தால் ஆரிபிஸை (வால்வுக்குள் திரவம் போகும் துளையை) சிறிய அளவுக்கு மாற்றுங்கள். கம்ப்ரசர் எத்தனை குதிரைசக்தி என்று பார்த்து எடுக்காதீர்கள். ஈவாபரேட்டரின் லோடு, ஆவியாகும் வெப்பநிலை, கண்டென்சிங் (வாயு திரவமாகும்) வெப்பநிலை, வால்வுக்கு முன்னால் சப்கூலிங் (திரவம் அதற்கும் கீழே எத்தனை டிகிரி குளிர்ந்திருக்கிறது என்பது), இவற்றை வைத்துத் தயாரிப்பாளர் அட்டவணையில் தேடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் (திரவத்தைக் காயிலின் பல குழாய்களுக்குப் பிரித்து விடுவது) இருந்தால் எக்ஸ்டெர்னல் ஈக்வலைசர் (காயிலின் வெளிமுனை அழுத்தத்தை வால்வுக்குக் கொண்டுவரும் சிறு குழாய்) உள்ள வால்வுதான். திரவக் குழாயில் உள்ள சைட் கிளாஸில் (பார்க்கும் கண்ணாடியில்) குமிழி தெரிந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

அப்புறம் செட்டிங்: வால்வின் சூப்பர்ஹீட் திருகைக் கால் சுற்று திருப்பி, 20 நிமிடம் பொறுத்து சூப்பர்ஹீட்டை அளவெடுங்கள். 5 முதல் 8 டிகிரிக்குள் நிலையாக நின்றால் போதும்.