வால்பாறைக்கு இரண்டு நாள்: எதைப் பார்ப்பது, எப்போது மலை ஏறுவது?

எழுபது தொட்ட அப்பா, மூட்டு வலி உள்ள அம்மா, எட்டு வயது மகள், நீங்கள் இருவர் என ஐந்து பேர் ஜனவரியில் காரில் வால்பாறை போகிறீர்கள். ஊட்டியும் கொடைக்கானலும் ஏற்கெனவே பார்த்தாயிற்று. வால்பாறையில் எந்தெந்த பாயிண்ட் பார்க்க வேண்டும், வேலை முடித்துக் கிளம்பி இரவு எட்டு மணிவாக்கில் பொள்ளாச்சியிலிருந்து மலை ஏறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இரவில் ஏறாதீர்கள். அன்று இரவு பொள்ளாச்சியிலோ ஆனைமலையிலோ தங்கிவிட்டு விடியற்காலையில் கிளம்புங்கள்.

எனக்குப் பொள்ளாச்சி. சித்தி முப்பது வருடத்துக்கு மேல் வால்பாறையில் தேயிலைக் கொழுந்து எடுத்தவர். பள்ளி விடுமுறை என்றாலே எங்களைப் பஸ் ஏற்றி மேலே அனுப்பிவிடுவார்கள். அதனால் நான் சொல்வது சுற்றுலாப் பயணி பார்த்த வால்பாறையாக இருக்காது. ஆனால் நீங்கள் பெரியவர்களையும் குழந்தையையும் அழைத்துப் போவதால் இது உங்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

ஊட்டி மாதிரி ஒரு பூங்கா, ஒரு ஏரி, ஒரு சிகரம் என்று டிக்கெட் எடுத்துப் பார்க்கும் இடம் இல்லை வால்பாறை. சுமார் 220 சதுர கிலோமீட்டர் தேயிலைத் தோட்டம், அதற்கு நடுநடுவே திட்டுத் திட்டாக மிச்சமிருக்கும் மழைக்காடு, நாலா பக்கமும் ஆனைமலைப் புலிகள் காப்பகமும் கேரளத்துக் காடுகளும். அங்கே பார்க்க வேண்டியவை பெரும்பாலும் ரோட்டோரத்திலேயே இருக்கின்றன. மெதுவாகப் போகிறவர் கண்ணில் படும், பாயிண்ட் பாயிண்டாக விரட்டிக்கொண்டு போகிறவர் கண்ணில் படாது.

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை ஏறத்தாழ 65 கிலோமீட்டர். காலை ஆறரைக்குக் கிளம்பினால் ஏழரைக்குள் ஆழியாறு சோதனைச்சாவடி. 2025 நவம்பர் 1 முதல் வால்பாறைக்கும் இ-பாஸ் வந்துவிட்டது, வீட்டிலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில். சாவடியைத் தாண்டியதும் கவியருவி வரும். குரங்கு அருவி என்றால்தான் எங்கள் ஊரில் தெரியும். ஜனவரியில் தண்ணீர் குறைவாகத்தான் விழும். அம்மாவுக்கு மூட்டு வலி என்பதால் அந்த வழுக்குப் பாறைக்கு அழைத்துப் போக வேண்டாம்.

அதற்கு மேலே நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் போட்ட பலகை இருக்கும். மகளுக்கு வாந்தி வரும் பழக்கம் இருந்தால் வயிறு முட்டச் சாப்பிடவைத்து ஏற்றாதீர்கள், வெறும் வயிற்றோடும் ஏற்றாதீர்கள். இரண்டு இட்லி போதும். கையில் ஒரு எலுமிச்சம்பழம். மலைப்பாதையில் ஏறி வருகிற வண்டிக்குத்தான் முதல் வழி, அதிலும் அரசு பஸ்ஸுக்கு வளைவில் முழு ரோடும் தேவைப்படும். பஸ் வருவது தெரிந்தால் வளைவுக்கு முன்னாலேயே ஒதுங்கி நின்றுவிடுங்கள்.

ஒன்பதாவது வளைவில் கட்டாயம் இறங்குங்கள். லோம்ஸ் வியூ என்று பெயர். கீழே ஆழியாறு அணையின் தண்ணீர் முழுவதும் தெரியும், அதற்கு அப்பால் தென்னந்தோப்புகள். எல்லோரும் அந்தப் பக்கம் பார்த்துத்தான் போட்டோ எடுப்பார்கள். நீங்கள் திரும்பி ரோட்டை ஒட்டிய பாறையைப் பாருங்கள். செங்குத்தான கல்லில், நம் உள்ளங்கை அளவுகூட இல்லாத விளிம்பில் வரையாடு நின்றுகொண்டிருக்கும். தமிழ்நாட்டின் மாநில விலங்கு. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. ஒருமுறை பத்தடி தூரத்தில் ஒரு பெட்டையாடு பாறை இடுக்கில் முளைத்த புல்லைக் கடிப்பதைப் பார்த்தேன். முன்னங்கால் இரண்டையும் ஒரே புள்ளியில் சேர்த்து வைத்து, பின்னங்காலை நீட்டிக்கொண்டு, கழுத்தை மட்டும் கீழே இறக்கியது. குளம்புக்கு அடியிலிருந்து ஒரு சின்னக் கல் உருண்டு ரோட்டில் வந்து விழுந்தது. ஆடு அசையவே இல்லை. தயவுசெய்து அதற்குச் சிப்ஸோ வாழைப்பழமோ நீட்டாதீர்கள். ரோட்டில் சாப்பாடு கிடைக்கும் என்று பழகிய ஆடு வண்டியில் அடிபட்டுத்தான் சாகும்.

அட்டக்கட்டி தாண்டியதும் காற்றே மாறிவிடும். அதற்கப்புறம் வாட்டர்ஃபால்ஸ் எஸ்டேட், கவர்க்கல், ஐயர்பாடி, ரொட்டிக்கடை என்று தேயிலையாகவே வரும். கவர்க்கல்லில் பனி மூடினால் முன்னால் போகும் வண்டியே தெரியாது, மஞ்சள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்து போக வேண்டியதுதான்.

ரொட்டிக்கடைக்கும் வால்பாறைக்கும் நடுவில் புதுத்தோட்டம். இங்கே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். சிங்கவால் குரங்கை நான் சின்ன வயதிலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன், இன்னும் சலிக்கவில்லை. சோலைமந்தி என்பதுதான் அதற்கு நல்ல பெயர். கரிய உடம்பு, முகத்தைச் சுற்றி நரைத்த பிடரி, வால் நுனியில் ஒரு குஞ்சம். இதுவும் மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் வேறெங்கும் இல்லாத விலங்கு. மரத்தை விட்டு இறங்காமல் வாழ வேண்டிய இனம் அது. காடு துண்டு துண்டானதால் ரோட்டைக் கடக்க இறங்கி, வண்டிகளில் அடிபட்டுச் செத்தன. அதனால் ரோட்டுக்கு மேலே மரத்துக்கு மரம் தொங்கு பாலம் கட்டினார்கள். வண்டியை ஓரங்கட்டி அண்ணாந்து பார்த்தால் ஒன்றன்பின் ஒன்றாக அந்தப் பாலத்தில் போவது தெரியும். குட்டியை வயிற்றில் ஒட்டவைத்துக்கொண்டு போகும் தாய், பாதியில் நின்று நம்மையும் ஒரு பார்வை பார்க்கும். அங்கே ரோட்டில் நின்று வண்டிகளை மெதுவாகப் போகச் சொல்லும் காவலர்கள் உள்ளூர்க்காரர்கள். அவர்களிடம் பேசுங்கள், எந்த மரத்தில் இப்போது பழம் இருக்கிறது என்பதுவரை சொல்வார்கள்.

இனி யானை. இரவில் ஏறாதீர்கள் என்று நான் சொன்னதற்குக் காரணமே இதுதான்.

நீங்கள் போகிற ஜனவரி, வால்பாறைத் தோட்டங்களில் யானை அதிகம் நடமாடும் காலம். யானை தேயிலையைத் தின்னாது. ஒரு காட்டிலிருந்து அடுத்த காட்டுக்குப் போக அதற்குத் தேயிலை வழியாகத்தான் நடந்தாக வேண்டும். பகலில் ஆற்றோரச் சோலைகளில் நின்றுவிட்டு இருட்டியதும் கிளம்பும். அங்கே யானையால் இறந்தவர்களில் பலரும் யானை நிற்பது தெரியாமலேயே அதன் முன்னால் போய் நின்றவர்கள். வேலை முடிந்து வீட்டுக்கு நடந்தவர்கள், கடைக்குப் போய்த் திரும்பியவர்கள். இதைத் தடுக்க நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பைச் சேர்ந்த ஆனந்தகுமாரும் அவர் குழுவினரும் ஓர் ஏற்பாடு செய்தார்கள். யானை இருக்கும் இடம் உள்ளூர் கேபிள் டிவியில் ஓடும், தோட்டத்து ஜனங்களின் செல்போனுக்கு எஸ்எம்எஸ் வரும், முக்கியமான இடங்களில் கம்பத்தில் சிவப்பு விளக்கு எரியும். செல்போனில் அழைத்தாலே எரிகிற விளக்கு. இந்த வேலைக்காக அவருக்கு 2015இல், காட்டுயிர்ப் பாதுகாப்புக்குத் தரப்படும் விட்லி விருது கிடைத்தது.

அந்த விளக்கு எரிவதை 2022 டிசம்பரில் நானே பார்த்தேன். சோலையாறு பக்கம் போய்விட்டு மனைவி, மகனோடு சித்தி வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். மணி ஆறு ஆகியிருக்கும். கம்பத்தில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது, முன்னால் ஒரு பஸ் இன்ஜினை நிறுத்திவிட்டு நின்றது. நானும் நிறுத்தினேன். ரோட்டோரத்தில் வேலை முடிந்த நாலைந்து பெண்கள், தலையில் துண்டைக் கட்டியபடி. ஓர் அக்கா கார் கண்ணாடியருகே வந்து, “லைட்டைக் கொஞ்சம் அணைச்சிடுங்க தம்பி, குட்டி இருக்குது. தானா கடந்துரும்” என்றார்.

மேலே சரிவில் முதலில் ஒன்றுமே தெரியவில்லை. பிறகு தேயிலைச் செடிகளுக்கு நடுவே, கொழுந்து எடுக்கப் போகும் அதே ஒற்றையடித் தடத்தில், ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. ஐந்து யானை. செடி நசுங்கும் சத்தம்கூட இல்லை. ரோட்டோரக் கல்சுவரின் விளிம்புக்கு வந்ததும் குட்டியால் இறங்க முடியவில்லை. முன்னங்காலை நீட்டும், பின்வாங்கும். தாய் இறங்கி ரோட்டில் நின்று தும்பிக்கையைப் பின்னால் நீட்டிக் குட்டியின் கழுத்தடியில் வைத்துக்கொண்டது. பின்னால் இருந்த இன்னொரு யானை நெற்றியால் லேசாக முட்டியது. குட்டி சறுக்கிக்கொண்டே ரோட்டில் வந்து உட்கார்ந்தது. அந்த அக்கா வாய்க்குள்ளேயே “எந்திரிடா சாமி” என்றார். நாற்பது நிமிஷம் நின்றோம். ஒருவர்கூட ஹாரன் அடிக்கவில்லை. கடைசி யானை கீழே சோலைக்குள் போன பிறகும் பத்து நிமிஷம் கழித்துத்தான் பஸ் டிரைவர் வண்டியை எடுத்தார்.

அதே பயணத்தில் இன்னொன்றும் நடந்தது. நண்பன் குடும்பம் தங்கியிருந்த விடுதியில் ராத்திரி ஜீப்பில் கூட்டிப்போய் யானை, காட்டெருமை காட்டுகிறோம் என்று தலைக்கு இவ்வளவு என்று கேட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் ஆசைப்பட்டதால் போயிருக்கிறான். பெரிய டார்ச் லைட்டை அடித்து, கன்று வைத்திருந்த காட்டெருமையை ரோட்டில் விரட்டியிருக்கிறார்கள். மறுநாள் அவன் சொன்னபோது எனக்கு அப்படி ஒரு கோபம். உங்களிடமும் கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அது சட்டத்துக்கும் புறம்பு. 2025 பிப்ரவரியில் ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு பயணி, ரோட்டில் நின்றவர்கள் எச்சரித்தும் யானையைத் தாண்டி பைக்கில் போக முயன்று உயிரை விட்டார். அது நடந்ததும் பொள்ளாச்சி–வால்பாறை ரோட்டில்தான். மாலை ஐந்து மணிக்குள் அறைக்குத் திரும்பும்படி இரண்டு நாளையும் திட்டமிடுங்கள். சிறுத்தையும் உண்டு என்பதால் இருட்டிய பிறகு மகளை வாசலில் தனியாக விளையாட விடக் கூடாது.

தண்ணீர் விஷயத்திலும் அதே கண்டிப்பு வேண்டும். கூழாங்கல் ஆறு பார்க்கக் கணுக்கால் அளவுதான் ஓடும். மகள் கரையில் நின்று கால் நனைக்கட்டும், அவ்வளவு போதும். பழக்கமில்லாத ஆற்றில் யாரும் இறங்காதீர்கள். 2023 அக்டோபரில் சோலையாறு எஸ்டேட் பக்கம் ஆற்றில் குளிக்க இறங்கிய ஐந்து கல்லூரி மாணவர்கள் சுழலில் சிக்கி இறந்துபோனார்கள். வெளியூரிலிருந்து ஒரு நாள் சுற்றிப்பார்க்க வந்த பிள்ளைகள்.

மற்ற இடங்கள்: முதல் நாள் மதியம் ஓய்வெடுத்துவிட்டுக் கருமலை பாலாஜி கோயில், பக்கத்திலேயே அக்காமலை புல்வெளிப் பக்கத்து மலைகள் தெரியும். புல்வெளிக்குள் அனுமதி கிடையாது. இரண்டாம் நாள் காலையில் சோலையாறு அணை, ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். நல்லமுடி காட்சிமுனைக்குக் கொஞ்சம் நடக்க வேண்டும். அம்மா காரிலேயே இருக்கலாம். சின்னக்கல்லாறு தமிழ்நாட்டில் மழை மிக அதிகமாகப் பெய்யும் இடங்களில் ஒன்று. யானை நடமாட்டத்தால் அடிக்கடி மூடிவிடுவார்கள், கேட்டுக்கொண்டு போங்கள். எல்லாவற்றையும் பார்த்தே தீர வேண்டும் என்று நினைக்காதீர்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை என்றால் அட்டைப்பூச்சிக்கு உப்புப் பொட்டலம் எடுத்துப் போகச் சொல்லியிருப்பேன். ஜனவரியில் அந்தத் தொல்லை பெரிதாக இருக்காது. ஸ்வெட்டரும் அப்பாவுக்குக் குல்லாயும் போதும். அறை கேட்கும்போது தரைத்தளமா, படி எத்தனை, சுடுதண்ணீர் எந்த நேரத்தில் வரும் என்று கேட்டு வாங்குங்கள்.

தேயிலைக்குள் இறங்கிப் போட்டோ எடுக்க எல்லோருக்கும் ஆசை இருக்கும். ரோட்டோரத்தில் நின்றே எடுங்கள். செடிக்குள் மருந்து அடித்திருக்கலாம், மறைவில் காட்டெருமை படுத்திருக்கலாம். கொழுந்து எடுக்கிறவர்களை எடுப்பதாக இருந்தால் ஒரு வார்த்தை கேளுங்கள். இப்போது பெரும்பாலும் பை வைத்த கத்திரியால்தான் வெட்டுகிறார்கள். சித்தி காலத்தில் கையால். சித்தியின் வலது கட்டைவிரல் ஓரம் இன்றைக்கும் கறுத்து, தோல் வெடித்து, சொரசொரப்பாக இருக்கும். எங்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடும்போது அந்த விரல் மட்டும் தலையில் தனியாக உறுத்தும். ரிட்டயர் ஆனால் தோட்டத்து வீட்டைக் காலி செய்தாக வேண்டும். சித்தி மகள் அதே தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்ததால் சித்தியால் அங்கேயே இருக்க முடிகிறது. வரிசையாகக் கட்டிய தொழிலாளர் குடியிருப்பான அந்த லைன் வீட்டில் பின் சுவரை ஒட்டிச் சித்தி அரிசி மூட்டை வைக்க மாட்டார். யானைக்கு அரிசி வாசம் தெரியும், ரேஷன் கடைச் சுவரையும் சத்துணவுக் கூடத்தையும் இடித்து எடுத்த கதைகள் அங்கே தெருவுக்குத் தெரு உண்டு. கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி நடு வீட்டில் வைத்துக்கொள்வார். தேயிலைக்கும் முன்னால் இது காடர் பழங்குடி மக்களின் மலை. அவர்கள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் குடியிருப்புகளை வேடிக்கை பார்க்கும் இடமாக நினைத்துப் போகாதீர்கள்.

திரும்பும்போது அதிரப்பள்ளி வழியாக இறங்கலாமா என்று யாராவது ஆசை காட்டுவார்கள். அழகான காட்டு ரோடுதான், ஆனால் மளுக்குப்பாறை சோதனைச்சாவடிக்கு அப்பால் நீண்ட தூரம் கடை கிடையாது, ஆள் கிடையாது. வயதானவர்களோடு இந்த முறை வேண்டாம். வந்த வழியே மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு இறங்குங்கள், இரண்டாம் கியரில், பிரேக்கை மிதித்துக்கொண்டே இல்லாமல். மகளிடம் பலகை எண்ணை நாற்பதிலிருந்து தலைகீழாக எண்ணிக்கொண்டு வரச் சொல்லுங்கள். பத்து என்றதும் வேகத்தைக் குறைத்துவிடுங்கள். ஒன்பதில் வரையாடு அந்நேரம் ரோட்டிலேயே நிற்கும்.